புர்சாவின் முதலை: அரங்கம் எழுந்தது, அணி இறங்கியது

துருக்கியின் வடமேற்கில், உலுதா மலையின் அடிவாரத்தில் இருக்கிறது புர்சா. நாட்டின் நான்காவது பெரிய நகரம். 1326-இல் ஒட்டோமான்கள் பிடித்துத் தலைநகராக்கிய ஊர். ஒரு காலத்தில் பட்டுக்குப் பேர்போனது, இப்போது ஜவுளி ஆலைகளும் கார் தொழிற்சாலைகளும் நிறைந்தது. நகரின் மைய வட்டாரத்துக்கு ஒட்டோமான் வம்சத்தைத் தொடங்கிவைத்த ஒஸ்மான் காசியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்த ஒஸ்மான்காசி வட்டாரத்தில் ஒரு ராட்சத முதலை படுத்துக் கிடக்கிறது. பச்சைத் தோல், வளைந்த முதுகு, வயிற்றுக்குள் 43,000-க்கும் மேற்பட்ட இருக்கைகள். 2015 டிசம்பர் 21 அன்று திறக்கப்பட்ட கால்பந்து அரங்கம் அது. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் திம்ஸா அரீனா. துருக்கிய மொழியில் திம்ஸா என்றால் முதலை.

இதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்கு அந்த வடிவம் காரணம் இல்லை. கட்ட ஆரம்பித்தபோது இதில் விளையாட வேண்டிய கிளப்பான புர்சாஸ்போர், லீக் கோப்பையை வென்று ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. திறந்து மூன்றரை வருடத்துக்குள் அந்தக் கிளப் முதல் நிலை லீகிலிருந்து வெளியேறியது. 2024-25 சீசனை நான்காம் நிலையில் ஆடியது. அப்படியானால் அவ்வளவு பெரிய அரங்கம் புறாக்களுக்குத்தான் பயன்பட்டிருக்கும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் நான்காம் நிலையில் ஆடிய அந்த வருடத்தில்தான் நாற்பதாயிரம் பேருக்கு மேல் வந்து உட்கார்ந்தார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளில் முதல் நிலை கிளப்புகளுக்கே அப்படி ஒரு கூட்டம் வராது.

கட்டடம் நன்றாக இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது, கிளப் மட்டும் ஏன் விழுந்தது? இந்த ஆய்வின் கேள்வி இதுதான்.

பன்னிரண்டு நாள்

கதை 2010 மே மாதத்தில் தொடங்குகிறது. துருக்கி லீக் என்றாலே கலாத்தாசராய், பெனர்பாஹ்சே, பெஷிக்தாஷ் என்ற மூன்று இஸ்தான்புல் கிளப்புகள்தான். அதுவரை அவர்களுக்கு வெளியே கோப்பையைத் தொட்டது கருங்கடல் ஓரத்து டிராப்சோன்ஸ்போர் மட்டும். அதுவும் கடைசியாக 1984-இல்.

மே 16, சீசனின் கடைசி நாள். பெனர்பாஹ்சே புர்சாஸ்போரைவிட ஒரு புள்ளி முன்னால் நிற்கிறது. சொந்த மைதானத்தில் டிராப்சோன்ஸ்போரை வென்றால் போதும், கோப்பை அவர்களுக்கு. புர்சாவில் பெஷிக்தாஷுக்கு எதிரான ஆட்டம் நடக்கிறது. பெனர்பாஹ்சே 1-1 என்று டிரா செய்தது. அந்த நேரத்தில் புர்சா ஆட்டமும் 2-2 என்று முடிந்துவிட்டதாக பெனர்பாஹ்சே அரங்கின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அவ்வளவுதான், கூட்டம் மைதானத்துக்குள் குதித்து ஆட ஆரம்பித்துவிட்டது. உண்மையில் புர்சாஸ்போர் 2-1 என்று வென்றிருந்தது. 75 புள்ளி, பெனர்பாஹ்சேவுக்கு 74. செய்தி தெரிந்ததும் கொண்டாடிய அதே கூட்டம் அரங்கிலேயே தீ வைத்தது.

எர்துருல் சாலம் பயிற்சியளித்த அந்த அணியில் பெரிய நட்சத்திரம் என்று சொல்ல யாரும் இல்லை. பல்காரியக் கோல்கீப்பர் இவான்கோவ், அர்ஜென்டினாவின் பாப்லோ பத்தாயா, சில உள்ளூர் இளைஞர்கள். 1963-இல் ஐந்து சிறிய கிளப்புகளை ஒன்றாக்கி உருவாக்கிய ஒரு நகரக் கிளப், துருக்கியின் ஐந்தாவது சாம்பியன் ஆனது.

அதிலிருந்து பன்னிரண்டு நாள் கழித்து, மே 28 அன்று, ஜெனீவாவில் 2016 யூரோ கோப்பையை நடத்தும் நாட்டைத் தேர்ந்தெடுக்க வாக்கெடுப்பு நடந்தது. பிரான்ஸ் 7, துருக்கி 6. ஒரே ஒரு வாக்கு.

இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அரங்கம் புரியும். ஒரு பக்கம், கோப்பையை ஊருக்குக் கொண்டுவந்த பெருமையில் நகரம் மிதக்கிறது. பழைய மைதானம் அந்தப் பெருமைக்குப் போதாது என்கிறது. மறுபக்கம், ஒரு வாக்கில் தோற்ற அரசாங்கம் அடுத்த முறைக்குத் தயாராக வேண்டும் என்று நினைக்கிறது. அடுத்த பத்து வருடத்தில் கோன்யா, அந்தால்யா, டிராப்சோன், எஸ்கிஷெஹிர், சம்சுன், காசியான்தெப், சிவாஸ் என்று வரிசையாகப் புது அரங்கங்கள் முளைத்தன. நடுநகரில் இருந்த பழைய மைதானத்தை இடிப்பது, நிலத்தை வேறு காரியத்துக்கு விடுவது, சற்றுத் தள்ளிப் பெரிதாகக் கட்டுவது. பல ஊர்களில் வாய்ப்பாடு இதுதான். மற்ற இடங்களில் பெரும்பாலும் அரசின் வீட்டுவசதி நிறுவனமும் விளையாட்டு அமைச்சகமும் முன்னின்றன. புர்சாவில் பொறுப்பை எடுத்துக்கொண்டது பெருநகர நகராட்சி. 2011-இல் வேலை தொடங்கியது.

முதலையின் உடம்பு

புர்சாவில் முதலை கிடையாது. பச்சை-வெள்ளைச் சட்டை போட்ட வீரர்களுக்குப் 'பச்சை முதலைகள்' என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. வெற்றி பெற்றதும் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தரையில் ஊர்ந்து போகும் 'முதலை நடை'யும் அதோடு சேர்ந்துகொண்டது. சோசுனேரி என்ற கட்டடக்கலை நிறுவனம் அந்தப் பட்டப்பெயரை அப்படியே கட்டடமாக்கிவிட்டது. பச்சை உறை பார்வையாளர் மாடங்களைச் சுற்றிப் போர்த்தி, கூரையில் ஏறி, முதுகுபோல வளைகிறது. ஒரு முனையில் பாதி திறந்த வாயோடு தலை வர வேண்டும் என்பது திட்டம்.

கலை நோக்கில் இதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் துருக்கியில் எழுந்த பல அரங்கங்கள் ஒரே அச்சில் வார்த்தவை. பெயர்ப்பலகையை மாற்றி வைத்தால் எந்த ஊர் என்றே தெரியாது. இங்கே அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

ஆனால் ஒன்று. திறப்பு விழா நாளில் முதலைக்குத் தலை இல்லை. உடம்பு முழுக்கத் தயார், இருக்கை தயார், புல் தயார், தலை மட்டும் வெறும் இரும்புச் சட்டமாக நின்றது. அதன்பிறகும் பல வருடம் அப்படியேதான் நின்றது.

பெயருக்கும் ஒரு சோதனை வந்தது. 2017 மே மாதம் அதிபர் எர்தோவான் 'அரீனா' என்ற சொல்லே வேண்டாம் என்றார். அந்தக் காலத்தில் மனிதர்களை மிருகங்களுக்கு இரையாகப் போட்ட இடம்தானே அது என்பது அவர் வாதம். நாடு முழுக்க அரங்கங்களின் பலகைகள் மாறின. மிருக வடிவிலேயே ஓர் அரங்கம் வைத்திருந்த புர்சாக்காரர்களுக்கு அந்த விளக்கம் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. இப்போதைய அதிகாரப்பூர்வப் பெயர், நூறாவது ஆண்டு அத்தாதுர்க் அரங்கம். பேச்சுவழக்கில் அது இன்னும் திம்ஸாதான்.

ஒரே கோடையில் காலியான அணி

இந்த ஆய்வின் மையம் 2015. அந்த வருடம் ஜூன் மாதம் துருக்கிக் கோப்பையின் இறுதி ஆட்டம் புர்சாவின் பழைய மைதானத்தில் நடந்தது. நடுநகரில், சுமார் 25,000 பேர் கொள்ளும் இடம். எதிரணி கலாத்தாசராய். புராக் இல்மாஸ் மூன்று கோல் அடித்தார், புர்சா 3-2 என்று தோற்றது. தோற்றாலும் நல்ல அணி அது. பயிற்சியாளர் ஷெனோல் குனேஷ், 2002 உலகக் கோப்பையில் துருக்கியை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுபோனவர். முன்னால் பிரேசிலின் பெர்னாந்தாவ், 22 கோலுடன் அந்த சீசனில் லீகிலேயே அதிகக் கோல் அடித்தவர். கூடவே செத்ரிக் பக்காம்பு. நடுக்களத்தில் ஓசான் துஃபான், ஓரத்தில் வோல்கான் ஷென், பின்னால் ஷெனெர் ஓஸ்பாய்ராக்லி. கிளப்பின் சொந்தப் பட்டறையில் வளர்ந்து, பதினாறு வயதிலேயே லீகில் கோல் போட்ட எனெஸ் உனாலும் இருந்தார்.

அந்தக் கோடையில் குனேஷ் பெஷிக்தாஷுக்குப் போனார். அடுத்த இரண்டு வருடமும் அங்கே லீக் கோப்பை வென்றார். பெர்னாந்தாவ், துஃபான், ஷென், ஓஸ்பாய்ராக்லி நான்கு பேரும் ஒரே கிளப்புக்கு, பெனர்பாஹ்சேவுக்கு. பக்காம்பு ஸ்பெயினின் வில்யாரியலுக்கு. உனால் மான்செஸ்டர் சிட்டிக்கு.

டிசம்பரில் புதுவீட்டுக்குக் குடிபோனபோது வீட்டில் இருந்தவர்கள் வேறு ஆட்கள்.

வீரர்களை விற்பதில் தவறில்லை. நடுத்தர கிளப்புகள் அப்படித்தான் பிழைக்கின்றன. ஆனால் விற்ற காசு எங்கே போனது என்று பார்க்கும்போது பழைய அறிகுறி ஒன்று நினைவுக்கு வருகிறது. 2012 மே மாதமே ஐரோப்பியக் கால்பந்து சங்கம் பெஷிக்தாஷ், காசியான்தெப்ஸ்போர், புர்சாஸ்போர் மூன்றையும் நிதி விதிகளை மீறியதற்காக ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கியது. புர்சா மேல்முறையீடு செய்து தடையிலிருந்து தப்பியது. சாம்பியன் ஆகி இரண்டே வருடம். சாம்பியன்ஸ் லீகில் மான்செஸ்டர் யுனைடெட், வலென்சியா, ரேஞ்சர்ஸ் கொண்ட பிரிவில் ஆடி ஒரே ஒரு புள்ளி எடுத்திருந்தாலும், அதில் கலந்துகொண்டதற்கே நல்ல பணம் கிடைத்திருக்கும். அப்படியும் கணக்கு இடித்தது. அதாவது, அரங்கத்தின் வேலை நடந்துகொண்டிருந்தபோதே கிளப்பின் கணக்குப் புத்தகம் எச்சரிக்கை கொடுத்துவிட்டது.

இரண்டு பணப்பைகள்

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அரங்கம் நகராட்சியின் சொத்து, பொதுப்பணத்தில் கட்டியது. அதற்கு மேயர் பொறுப்பு, தேர்தல் பொறுப்பு. கிளப்போ சட்டப்படி ஒரு சங்கம். உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். தலைவர் இரண்டு மூன்று வருடம் இருப்பார். அதற்குள் கோப்பை வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பொதுக்குழுவில் வேறு ஆள். ஆகவே வெளிநாட்டு வீரர்களை யூரோ கணக்கில் ஒப்பந்தம் போட்டு அழைத்து வருவார். வருமானம் லிராவில். லிரா சரிந்தால், 2018 ஆகஸ்டில் சரிந்ததுபோல, ஒரே இரவில் கடன் வீங்கும். அதற்குள் தலைவர் மாறியிருப்பார். புதியவர் பழைய கடனைக் காட்டிப் புதுக்கடன் வாங்குவார்.

இது புர்சாவின் தனி நோய் அல்ல, துருக்கியக் கிளப்புகளின் பொது நோய். இஸ்தான்புல் பெரிய கிளப்புகளுக்கும் மலைபோல் கடன் உண்டு. ஆனால் அவர்களுக்கு நாடு முழுக்க ரசிகர்கள், வங்கிகளோடு ஒப்பந்தம், ஐரோப்பியப் போட்டிப் பணம் எல்லாம் இருக்கிறது. புர்சா போன்ற நகரக் கிளப்புக்கு ஒரு தடவை கீழே இறங்கினால் தொலைக்காட்சிப் பணம் அப்படியே நின்றுவிடும். சம்பள பாக்கி மட்டும் நிற்காது. முன்னாள் வீரர்கள் புகார் கொடுப்பார்கள். பாக்கியைத் தீர்க்கும்வரை புது வீரரைப் பதிவு செய்ய முடியாது. துருக்கியில் இதை 'மாற்றப் பலகை மூடிவிட்டது' என்பார்கள். புர்சாவில் அந்தப் பலகை பல சீசன் மூடியே கிடந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை வைத்து ஆட வேண்டியிருந்தது.

2022 ஏப்ரலில் வந்த விளையாட்டுக் கிளப்புகள் சட்டம், அளவுக்கு மீறிக் கடன் வாங்கும் நிர்வாகிகளைத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்கியது. நல்ல சட்டம். புர்சாவைப் பொறுத்தவரை ரொம்பத் தாமதம்.

இறக்கத்தின் படிகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 2019-இல் எர்சுரும்ஸ்போர், அக்ஹிசார்ஸ்போரோடு சேர்ந்து முதல் நிலையிலிருந்து வெளியே. 2022-இல் இரண்டாம் நிலையிலிருந்து. 2024-இல் மூன்றாம் நிலையிலிருந்து. துருக்கியில் மேலே சூப்பர் லீக், அதன் கீழே '1. லீக்', '2. லீக்', '3. லீக்' என்று எண் போடுகிறார்கள்; ஆகவே 3. லீக் என்பது நான்காம் நிலை. முன்னாள் சாம்பியன் ஒன்று அங்கே ஆடியது அதுவே முதல்முறை.

புர்சா மட்டும் இல்லை என்பதற்கு அண்டை ஊரே சாட்சி. எஸ்கிஷெஹிரில் 2016-இல் புது அரங்கம் திறந்தது. அதே வருடம் எஸ்கிஷெஹிர்ஸ்போர் முதல் நிலையிலிருந்து இறங்கியது. 2023-க்குள் அமெச்சூர் லீகுக்கே போய்விட்டது. மெர்சினில் 2013 மத்தியதரைக்கடல் விளையாட்டுகளுக்காக ஓர் அரங்கம் கட்டினார்கள். அந்த ஊரின் பழம்பெரும் கிளப்பான மெர்சின் இத்மான்யுர்து சில வருடத்திலேயே இல்லாமல் போனது. கல்லையும் இரும்பையும் ஒப்பந்தப்புள்ளி விட்டு வாங்கிவிடலாம். அரசிடம் அந்தத் திறமை நிறையவே இருந்தது. கிளப்பின் கணக்கை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு எந்த ஒப்பந்தப்புள்ளியிலும் இடம் இல்லை.

காலியாக்கப்பட்ட ஒன்பது ஆட்டம்

கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது அதன் இருண்ட பக்கத்தை விட்டுவிட முடியாது. 2023 மார்ச் 5. தென்கிழக்குத் துருக்கியை உலுக்கிய பெரும் நிலநடுக்கம் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தியார்பகிரிலிருந்து அமெட்ஸ்போர் வந்தது. குர்துக்களின் அணி என்று பார்க்கப்படும் கிளப் அது. மைதானத்துக்குள் அவர்கள் மேல் கையில் கிடைத்ததையெல்லாம் எறிந்தார்கள். மாடத்தில் சிலர் தூக்கிப்பிடித்த படங்கள் இன்னும் மோசம். தொண்ணூறுகளில் குர்துப் பகுதிகளில் ஆட்கள் காணாமல்போன சம்பவங்களோடு பெயர் சேர்த்துப் பேசப்படும் 'யெஷில்' என்பவரின் படம், கூடவே ஒரு வெள்ளை ரெனோ டோரோஸ் கார். அந்தக் காலத்தில் வீட்டு வாசலில் அந்த வெள்ளை கார் வந்து நின்றால், ஏற்றிக்கொண்டு போன ஆள் திரும்ப மாட்டார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

டோரோஸ் கார் தயாரானது புர்சாவில் உள்ள ஓயாக்-ரெனோ தொழிற்சாலையில். அந்த நகரத்துக்குச் சோறு போட்ட தொழிற்சாலைகளில் ஒன்று. சொந்த ஊரின் கைவேலை, விருந்தாளியை மிரட்டும் சின்னமாக மாடத்தில் ஏறியது.

கால்பந்து சங்கம் ஒன்பது ஆட்டத்துக்குப் பார்வையாளர் தடை விதித்தது. 43,000 இருக்கையும் காலி, நடுவில் இருபத்திரண்டு பேர் ஓடுகிறார்கள். நவீன அரங்கம் வந்தால் குடும்பங்கள் வரும், கூட்டம் மாறும், பழைய முரட்டுத்தனம் போய்விடும் என்பது இந்தக் கட்டுமான அலையின்போது எல்லா ஊரிலும் சொன்ன வாதம். இருக்கைக்கு எண் போட்டால் மனசுக்கும் எண் போட்டாயிற்று என்ற நம்பிக்கை. புர்சா அதற்கு நேரடி மறுப்பு.

கொண்டது விடா

இவ்வளவுக்கும் பிறகு 2024-இல் நான்காம் நிலை. நியாயமாக இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். 'மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா' என்று நம்மில் சொல்வோமே, அது இந்த ரசிகர்களுக்கு இரண்டு பொருளிலும் பொருந்தும். 'டெக்சாஸ்' என்று தங்களை அழைத்துக்கொள்ளும் அந்தக் கூட்டம் வெளியேறவில்லை. சின்ன ஊர்களின் கிளப்புகள், சில நூறு பேர் முன்னால் ஆடிப் பழகியவை, புர்சாவுக்கு வந்தபோது நாற்பதாயிரம் பேரின் முன்னால் நின்றன. அந்த வீரர்களில் பலருக்கு வாழ்நாளில் அதுதான் மிகப் பெரிய ஆட்டமாக இருந்திருக்கும்.

இந்தக் கட்டத்தில் அரங்கத்தைப் பற்றிய என் கருத்தும் கொஞ்சம் மாறியது. முதலில் இதை ஒரு வீண்செலவாகத்தான் எழுத நினைத்தேன். நான்காம் நிலைக் கிளப்புக்கு 43,000 இருக்கை எதற்கு என்று எளிதாகக் கேட்டுவிடலாம். ஆனால் பழைய 25,000 பேர் மைதானமாக இருந்திருந்தால் அந்த சீசனில் பல ஆயிரம் பேர் வெளியே நின்றிருப்பார்கள். டிக்கெட் பணம்தான் அப்போது கிளப்பிடம் மிச்சமிருந்த உருப்படியான வருமானம். ஆக, கிளப்பைக் காப்பாற்ற முடியாத கட்டடம், விழுந்த கிளப்புக்குக் கைப்பிடியாக இருந்தது. பழைய மைதானம் இருந்த நடுநகர் இடம் இப்போது பூங்கா. திரும்பிப் போக வழியும் இல்லை.

சரி, வேறு ஊரில் இதே திட்டத்தைப் போடுகிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. அரங்கத்தை நகராட்சி கட்டுவதில் குற்றமில்லை. கட்டித்தரும்போதே, வாடகைக்கு வரும் கிளப்பின் வரவு-செலவைப் பார்க்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கலாம். இவ்வளவு பொதுப்பணம் போட்டவர் கேட்கக்கூடிய குறைந்தபட்சம் அது. 2012-இல் ஐரோப்பியச் சங்கம் கையைப் பிடித்த அன்றே அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், 2015 கோடை வேறு மாதிரி போயிருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாதுதான்; கால்பந்தில் நன்றாக நடத்தப்பட்ட கிளப்பும் கீழே போகும். ஆனால் மூன்று படி போகாது.

2025-இல் புர்சாஸ்போர் தன் பிரிவில் முதலிடம் பிடித்து மூன்றாம் நிலைக்கு ஏறியது.

அங்கே ஒரு பழைய சிநேகிதரும் வந்து சேர்ந்தார். புர்சாவுக்கும் தலைநகரின் அங்காராகுசு கிளப்புக்கும் ரசிகர்கள் அளவில் நீண்டகால நட்பு. துருக்கியில் வாகன எண் பலகையில் அங்காராவுக்கு 06, புர்சாவுக்கு 16. ஆகவே புர்சா அரங்கில் ஆட்டத்தின் ஆறாவது நிமிடம் வந்தால் கூட்டம் அங்காராகுசுவின் பெயரைக் கத்தும். அங்காராவில் பதினாறாவது நிமிடம் புர்சாவின் பெயர் எழும். எதிரே யார் ஆடினாலும் சரி. அந்த அங்காராகுசு 2024-இல் சூப்பர் லீகிலிருந்து இறங்கியது, 2025-இல் மறுபடியும் இறங்கியது. ஒருவர் ஏறிவர, ஒருவர் இறங்கிவர, இருவரும் 2025-26 சீசனில் ஒரே படியில் நின்றார்கள்.